இரவல் கொடி

புதுச்சேரி நம்பர் பலகை தாங்கிய மோட்டார்க் கார்களை நம் ஊர்த் தெருக்களில் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறோம். காரின் சொந்தக்காரர் சென்னையில் இருப்பார், கோவையில் இருப்பார், கொச்சியிலும் இருப்பார். புதுச்சேரியில் அவருக்கு வீடு இராது, வாசல் இராது. ஒரு வாடகைச் சீட்டு மட்டும் இருக்கும். விலை உயர்ந்த வண்டிக்கு அங்கே சாலை வரி குறைவு என்பதுதான் விஷயம். 2017-ல் கேரளத்தில் இது பெரும் புகாராகக் கிளம்பி வழக்கு வரை போயிற்று. வண்டி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் தங்கினால் அங்கே மறுபதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வண்டியும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதே யுக்தி தண்ணீரிலும் உண்டு. துருக்கியின் தென்மேற்குக் கரையில் போத்ரும், மார்மரிஸ், கோஜெக் என்று அழகான ஊர்கள். அவற்றின் படகுத் துறைகளில் பல வருஷ காலம் வரிசை வரிசையாக அமெரிக்கக் கொடி பறந்தது. அமெரிக்கர்கள்தாம் திரண்டு வந்துவிட்டார்களோ என்று எண்ணிப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், படகுக்குள்ளே இருப்பவர் இஸ்தான்புல் வியாபாரியாகவோ அங்காரா டாக்டராகவோ இருப்பார். படகின் பின்புறத்தில் ‘டெலவேர்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். டெலவேர் என்பது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு குட்டி மாநிலம். அமெரிக்காவின் மத்தியப் பதிவேட்டில் அந்நாட்டுப் பிரஜைகளின் படகுகளுக்குத்தான் இடம். ஆனால் டெலவேரில் யார் வேண்டுமானாலும் ஒரு கம்பெனி தொடங்கலாம். கம்பெனியின் பேரில் படகை வாங்கி அந்த மாநிலத்து நம்பர் பெறலாம். கம்பெனி அமெரிக்கக் கம்பெனி. ஆகையால் படகும் அமெரிக்கப் படகு!

இப்படிச் செய்கிறவர்களைத் தேசத் துரோகிகள் என்று ஏசுகிறவர்கள் உண்டு. கடலில் போகிறவனுக்கு எந்த தேசம், எந்த எல்லை என்று பரிந்து பேசுகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. சொந்தப் பாய்ப்படகுக்கு இரவல் கொடி தேடுகிறவன் பெரும்பாலும் திருடன் அல்ல. அவனை அங்கே துரத்தியது அவனுடைய சர்க்கார்தான். ஆனால் கொடியை அவன் வரி மழைக்கு ஒரு குடை என்று எண்ணி வாங்குகிறான். அது குடையல்ல, விலாசம். இந்த வித்தியாசம் தெரியாமல் பணம் கொடுத்து ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

கொடி எதற்கு?

முதலில் ஒரு சாதாரணக் கேள்வி. முப்பது, நாற்பது அடி நீளத்தில் ஒரு சிறு பாய்ப்படகு. அதில் ஒரு புருஷன், ஒரு மனைவி, சில சமயம் ஒரு நாய். அதற்குக் கொடி எதற்கு?

கரையோரம் சுற்றிவிட்டு மாலையில் வீடு திரும்பினால் அவ்வளவாகத் தேவையில்லை. எல்லை தாண்டி நடுக்கடலுக்குப் போனால் தேவை. நடுக்கடல் யாருக்கும் சொந்தமில்லை. ஆகவே அங்கே போகும் ஒவ்வொரு கலமும் ஏதாவதொரு தேசத்தின் சட்டத்தைத் தன்னோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்பது உலக வழக்கு. 1982-ம் வருஷத்து ஐக்கிய நாடுகளின் கடல் சட்ட உடன்படிக்கை இதை எழுதியே வைத்திருக்கிறது: ஒரு கலத்துக்கு ஒரே தேசத்தின் கொடிதான். சௌகரியம்போல் இரண்டு கொடிகளை மாற்றி மாற்றிக் கட்டினால், அதை எந்த தேசத்தையும் சேராத அநாதைக் கலமாகக் கருதலாம். அநாதைக் கலத்தை எந்தப் போர்க்கப்பலும் நிறுத்திச் சோதனை போடலாம், கேட்பாரில்லை.

இது வெறும் ஏட்டுச் சட்டம் அல்ல. 1946-ல் ‘ஆஸ்யா’ என்ற கலம் பாலஸ்தீனத்தை நோக்கி யூத அகதிகளை ஏற்றிக்கொண்டு வந்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் கண்ணில் பட்டபோது அதில் கொடியே இல்லை. பிறகு துருக்கிக் கொடி ஏறிற்று. சோதனைக்கு ஆட்கள் ஏறியதும் துருக்கிக் கொடி இறங்கி, யூத இயக்கத்தின் கொடி ஏறிற்று. கரையிலிருந்து வெகு தூரத்தில், நடுக்கடலில் பிடித்தது சட்ட விரோதம் என்று சொந்தக்காரர் லண்டன் பிரிவி கௌன்சில் வரை போய் வழக்காடினார். 1948-ல் தீர்ப்பு வந்தது: எந்த ராஜ்யத்தின் கொடியும் முறைப்படி இல்லாத கலத்துக்காகப் பேச எந்த ராஜ்யமும் இல்லை. கலம் போயிற்று.

கொடி எங்கிருந்து வருகிறது? படகு கட்டிய ஊரிலிருந்து அல்ல. 1969-ல் எங்கும் நிற்காமல் தன்னந்தனியாக உலகைச் சுற்றி முடித்த முதல் மனிதர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய ‘சுஹைலி’ பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய படகு. ஆனாலும் சரித்திரத்தில் அது பிரிட்டிஷ் படகுதான். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’யை ஓர் அமெரிக்கர் வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிச் சென்று 1938-ல் அமெரிக்காவின் கிளாஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கட்டிய கையும் நம்முடையது, ஓட்டிய கையும் நம்முடையது. புகழ் மட்டும் புதுப் பெயருக்குப் போயிற்று.

கடல் இருக்கும் தேசமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஸ்விட்சர்லாந்துக்குக் கடற்கரையே கிடையாது. இருந்தும் சமுத்திரத்தில் போகும் ஸ்விஸ் கலங்களின் பின்புறத்தில் ‘பாஸல்’ என்று எழுதியிருக்கும். ரைன் நதிக்கரையில், மலை நாட்டில் உள்ள ஊர் அது! கரையில்லாத தேசங்களுக்கும் கொடியுரிமை உண்டு என்று 1921-ல் பார்ஸலோனாவில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஸ்விஸ் அதிகாரிகள் தங்கள் பிரஜைகளை விசாரித்து, தஸ்தாவேஜு பார்த்துத்தான் அந்தக் கொடியைத் தருகிறார்கள். படகுக்கும் தேசத்துக்கும் நடுவில் ஓர் உண்மையான உறவு இருக்கிறது.

சூர் ஊர்ப் பாய்க்கப்பல்கள்

இரவல் கொடி நேற்றைக்கு வந்த வித்தை என்று நினைத்துவிடக் கூடாது. அரபிக் கடலின் அக்கரையில், ஓமான் தேசத்தில் சூர் என்று ஒரு துறைமுகம். அவ்வூர்ப் பாய்க்கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்துக்கொண்டு ஸான்ஸிபார், மடகாஸ்கர் வரை போய் வரும். பேரீச்சம்பழம் போகும், மற்ற சரக்குகள் வரும், அடிமைகளும் வருவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கிறோம் என்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அந்தக் கடலில் ரோந்து சுற்றின. சந்தேகப்பட்ட பாய்க்கப்பலை நிறுத்திச் சோதனை போட்டன. ஆனால் பிரெஞ்சுக் கொடி பறக்கும் கலத்தைச் சோதிக்கும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிரிட்டனுக்குக் கொடுக்கவில்லை.

அப்புறம் கேட்பானேன்? சூர் மாலுமிகள் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் இருந்த அதிகாரிகளிடம் போய்க் காகிதம் வாங்கினார்கள். மூவர்ணக் கொடி ஏறிற்று. நாளடைவில் அவர்கள் தங்கள் மன்னரான மஸ்கத் சுல்தானுக்கே, ‘நாங்கள் பிரெஞ்சுக் கொடிக்காரர்கள்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சுல்தானுக்குக் கோபம்; அவருக்குப் பின்னால் நின்ற பிரிட்டனுக்கு அதைவிடக் கோபம். விவகாரம் ஹேக் நகரத்து மத்தியஸ்த சபைக்குப் போயிற்று. அமெரிக்கப் பிரதம நீதிபதி புல்லரும் மத்தியஸ்தர்களில் ஒருவர்.

1905 ஆகஸ்டு 8-ந் தேதி வந்த தீர்ப்பைப் படித்தால் இன்றைக்கும் ரஸமாக இருக்கிறது. தன் கொடியை யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தந்த ராஜ்யமே முடிவு செய்துகொள்ளலாம் என்பது பொது விதி என்று மத்தியஸ்தர்கள் சொன்னார்கள். ஆனால் அடிமை வியாபாரத்துக்கு எதிரான பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ் கட்டுப்பட்டது 1892 ஜனவரி 2-ந் தேதி. அதற்கு முன் கொடுத்த கொடி செல்லும். அதற்குப் பின், 1863-க்கு முன்பே பிரெஞ்சுப் பாதுகாப்பில் இருந்தவர்களுக்கு மட்டுமே புதிதாகக் கொடி கொடுக்கலாம். அதோடு ஒரு கொக்கியும் போட்டார்கள்: கொடியுரிமையை இன்னொருவருக்கு மாற்ற முடியாது, அதே சொந்தக்காரரின் இன்னொரு கப்பலுக்குக்கூட மாற்ற முடியாது.

அதாவது கொடி ஒரு சொத்தல்ல. கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையிலுள்ள உறவு. 1982-ம் வருஷத்து உடன்படிக்கையும் கலத்துக்கும் கொடி தேசத்துக்கும் ‘மெய்யான தொடர்பு’ இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அந்தத் தொடர்பு எது என்று மட்டும் விளக்காமல் விட்டுவிட்டது. அந்த ஓட்டை வழியாக எத்தனையோ கப்பல் போய்விட்டது. 1922-ல் இரண்டு அமெரிக்கப் பயணிக் கப்பல்கள் மதுவிலக்குச் சட்டத்துக்குப் பயந்து பனாமாக் கொடிக்கு மாறின. பிரயாணிகளுக்குக் குடி கிடைக்க வேண்டுமே! இன்றைய சரக்குக் கப்பல் முதலாளிகளின் இரவல் கொடி வியாபாரம் அந்த வழியில் வளர்ந்ததுதான். அதில் மாலுமியின் கூலியும் உயிரும் அடகு வைக்கப்படுகின்றன. சொந்தப் படகைத் தானே ஓட்டிக்கொண்டு போகிறவனை அந்தக் கூட்டத்தோடு சேர்த்துத் திட்டுவது நியாயமில்லை. அவன் யாருடைய கூலியையும் குறைக்கவில்லை.

வரி ஏறினால் கொடி இறங்கும்

அப்படியானால் அவன் ஏன் ஓடுகிறான்?

இத்தாலியில் 2011 டிசம்பரில் மாண்டி சர்க்கார் உல்லாசப் படகுகளின் மேல் ஒரு புது வரி போட்டது. கஜானா காலி, பணக்காரன் படகில்தானே போகிறான் என்று கணக்கு. படகுகள் பாயை விரித்துக்கொண்டு குரோஷியாவுக்கும் பிரான்ஸின் கார்ஸிகாத் தீவுக்கும் போய்விட்டன. துறைமுகத்துக் கூலியாளும் பாய் தைப்பவனும் பெயிண்டு அடிப்பவனும் வேலையிழந்து நின்றார்கள். சர்க்கார் வரியைத் திருத்தியது, குறைத்தது. 2016-லிருந்து எடுத்தே விட்டது.

பிரான்ஸில் வேறு கதை. வருஷாந்தர வரி ஒரு பக்கம். படகில் என்னென்ன பாதுகாப்புச் சாமான் இருக்க வேண்டும் என்ற நீண்ட ஜாபிதா ஒரு பக்கம். பக்கத்து வீட்டில் பெல்ஜியம். அங்கே கெடுபிடி குறைவு. பிரிட்டனி துறைகளில் பெல்ஜியக் கொடி முளைத்தது. 2016-ல் பிரான்ஸ் ஒரு சட்டம் செய்தது: பிரான்ஸில் வசிக்கிறவர் எந்தக் கொடி கட்டினாலும் சரி, பிரெஞ்சுக் கடலில் போகும்போது பிரெஞ்சுப் பாதுகாப்பு விதிகளும் ஓட்டுநர் தகுதி விதிகளும் அவருக்கு உண்டு. இது புத்திசாலித்தனமான சட்டம் என்பது என் அபிப்பிராயம். கொடியோடு மல்லுக்கு நிற்காமல் ஆளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதைவிடப் புத்திசாலித்தனம் துருக்கியர் செய்தது. அவர்கள் தண்டனையைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. 2017-ல் தங்கள் பிரஜைகள் அந்நியக் கொடியில் வைத்திருந்த படகுகளைத் துருக்கிக் கொடிக்கு மாற்றிக்கொள்ள வரிச் சலுகை கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான படகுகள் ஊர் திரும்பின. தேச பக்தி 2016-ல் குறைந்திருந்து 2017-ல் பெருகியதென்று யாராவது சொல்வார்களா?

பிரிட்டனை இதில் பாராட்டியே ஆக வேண்டும். 1983-ல் சட்டம் செய்து, 24 மீட்டருக்கு உட்பட்ட படகுகளுக்கென்று சிறு கலப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தினார்கள். நீண்ட காலம் 25 பவுன், பிறகு 35 பவுன். ஐந்து வருஷத்துக்குச் செல்லும். பிரிட்டனில் வருஷத்துக்கு 185 நாளாவது வசிப்பவராக இருந்தால் போதும். அளவெடுக்க சர்வேயர் வரமாட்டார். ஆனால் அந்தப் பதிவு, படகு யாருடையது என்பதற்கு அத்தாட்சியாகாது. நம் ஊர் பாஷையில் சொன்னால் அது ரேஷன் கார்டு. வீட்டுப் பட்டா அல்ல. படகின் பேரில் கடன் வாங்க வேண்டுமானால் முதல் பகுதிப் பதிவேட்டுக்குப் போய், அளவெடுத்து, உரிமைப் பத்திரம் காட்டிப் பெரிய பதிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் வழி வைத்திருக்கிறார்கள்.

ஏஜெண்டு சொல்லாதது

பதிவு செய்து தரும் ஏஜெண்டுகள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 2020 ஆகஸ்டில் போலந்து தன் சிறு படகுப் பதிவேட்டைப் புதுப்பித்து, காலக்கெடு இல்லாத பதிவு கொடுக்க ஆரம்பித்ததும் போலந்துக் கொடிக்கு யோகம் அடித்தது. ஏஜெண்டு விளம்பரத்தைப் படித்தால், கொடி மாறிய மறுநிமிஷம் வரித் தொல்லை தீர்ந்தது என்றே தோன்றும்.

தீராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க அதிகாரி முதலில் பார்ப்பது கொடியை அல்ல. படகுக்கு மதிப்புக் கூட்டு வரி கட்டியாயிற்றா, சொந்தக்காரர் எங்கே வசிக்கிறார் என்ற இரண்டையும்தான். ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கிறவர், வெளிக் கொடிப் படகில் வந்தால் 18 மாதம் வரி கட்டாமல் வைத்திருக்கலாம். அதற்குள் ஒரு தடவை துருக்கிக்கோ துனீஸியாவுக்கோ போய்த் திரும்பினால் கணக்குப் புதிதாகத் தொடங்கும். ஒன்றியத்துக்குள் வீடு வைத்துக்கொண்டு வசிக்கிற மார்ஸேல்ஸ்வாசி டெலவேர்க் கொடியைக் கட்டிக்கொண்டு அந்தச் சலுகையைக் கேட்டால், சுங்கச்சாவடிக்காரர் சிரிப்பார். சிரித்துவிட்டு வரியும் அபராதமும் கேட்பார். அதுபோலவே, வரி கட்டாத படகுக்குப் போலந்துக் கொடி கட்டியதால் அது வரி கட்டிய படகு ஆகிவிடாது.

2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிரிட்டிஷ் மாலுமிகள் இதைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டார்கள். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, கிரீஸில் நிற்கும் அவர்களுடைய படகுக்கு 18 மாதம் கெடு. படகுக்காரருக்கோ ஆறு மாதத்தில் 90 நாள்தான் கெடு. படகு தங்கலாம், ஆள் தங்க முடியாது! கொடியை மாற்றினால் இந்த 90 நாள் 91 ஆகுமா? ஆகாது. பாஸ்போர்ட்டு வேறு, கொடி வேறு.

இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அப்படித்தான். பிரிட்டிஷ் கொடிச் சிறு பாய்ப்படகை ஓட்ட அந்நாட்டுச் சட்டம் லைசென்ஸ் கேட்பதில்லை. நல்லதாயிற்று என்று லைசென்ஸ் இல்லாமல் கிளம்பி, வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் இன்னொரு படகை இடித்துவிட்டால், அந்த நாட்டு அதிகாரி தகுதிப் பத்திரம் எங்கே என்று கேட்பார். கம்பெனியும் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கும்.

ஒன்பது இலக்கம்

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

கொடியோடு ரேடியோவுக்கு ஒன்பது இலக்க எண் ஒன்றும் வருகிறது. அதன் முதல் மூன்று இலக்கம் தேசத்தின் அடையாளம். இந்தியாவுக்கு 419, பெல்ஜியத்துக்கு 205, போலந்துக்கு 261. ஆபத்தில் படகு மூழ்கும்போது 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கூக்குரலிடும் அபாயக் கருவியிலும் இந்த மூன்று இலக்கம் பொதிந்திருக்கிறது. விண்கோள்கள் அந்தக் குரலைக் கேட்டுக் கரைக்குச் சொல்கின்றன. கரையில் இருப்பவர் முதலில் செய்வது, அந்த எண்ணுக்குரிய தேசத்தின் புத்தகத்தைப் புரட்டுவது. படகின் பெயர் என்ன, நிறம் என்ன, எத்தனை பேர், வீட்டில் யாருக்குப் போன் செய்வது? புத்தகத்தில் சரியான விலாசம் இருந்தால், ‘ஆம் ஐயா, என் தம்பி கடலில்தான் இருக்கிறான்’ என்று அக்காள் பதில் சொல்வாள், விமானம் கிளம்பும். படகை வாங்கியவர் பழைய சொந்தக்காரரின் எண்ணை மாற்றாமலே விட்டிருந்தால், மணி எங்கோ வேறொரு வீட்டில் அடிக்கும். ‘அந்தப் படகை நான் விற்று மூன்று வருஷமாயிற்றே’ என்று யாரோ தூக்கக் கலக்கத்தில் சொல்வார். அந்த நேரமெல்லாம் ஒருவன் ரப்பர் மிதவையில் கிடப்பான்.

2018 செப்டம்பர் 21-ந் தேதி நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில், தென் இந்து மகா சமுத்திரத்தில் புயலில் சிக்கினார். ‘துரியா’ படகின் பாய்மரம் முறிந்தது. அவர் முதுகில் அடிபட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். ஆஸ்திரேலிய மீட்பு மையம் வேலையை முறைப்படுத்தியது. இந்தியக் கடற்படை விமானம் பறந்து தேடியது. பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் ‘ஒஸிரிஸ்’ 24-ந் தேதி அவரைத் தூக்கிக்கொண்டது. உயிரைக் காப்பாற்றுகிறவர்கள் கொடியைப் பார்த்துக் கை நீட்டுவதில்லை. அது கடலின் தர்மம். ஆனால் தேடப்படுகிறவர் யார், அவருக்காகப் பேசுகிற தேசம் எது என்பதில் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் எழவில்லை.

நம் தேசத்தில் என்ன ஏற்பாடு? 1958-ம் வருஷத்து வணிகக் கப்பல் சட்டத்தில் பாய்மரக் கலங்களுக்கென்று ஒரு தனிப் பகுதியே உண்டு. தூத்துக்குடித் தோணிகள் போன்ற சரக்குக் கலங்களை மனத்தில் வைத்து எழுதியது அது. பாய்மரக் கலம் என்றால் என்ன என்று விளக்கம் சொல்லிவிட்டு, உல்லாசப் படகு இதில் சேராது என்று கடைசியில் ஒரு வாக்கியமும் சேர்த்திருந்தார்கள். அந்தக் காலத்தில் சொந்தப் பாய்ப்படகில் சமுத்திரம் தாண்டுகிற இந்தியன் இருப்பான் என்று யார் கண்டது? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. அதன் கீழ் விதிகள் எழுதுகிறவர்கள் பெரிய கப்பல்களையும் முதலீட்டையும் பற்றி யோசிப்பார்கள், யோசிக்கட்டும். அதோடு 24 மீட்டருக்கு உட்பட்ட சொந்த உபயோகப் படகுக்கு ஒரு தனிப் பதிவேடு, ஒரே விண்ணப்பம், சாமானியனுக்குக் கட்டுப்படியாகும் கட்டணம், அதே விண்ணப்பத்தோடு 419 என்று தொடங்கும் எண் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். கோவாவில் நல்ல படகு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். துரியாவைக் கட்டியதும் அங்கேதான். அங்கே படகு வாங்குகிறவர் முதல் கடிதத்தை டெலவேருக்கு எழுதாமல் பார்த்துக்கொள்வது டில்லியின் பொறுப்பு.